வில்வக்காய் மாப்பிள்ளைகள்

எனக்கு முதல் கல்யாணம் ஏழு வயதில்.
மாப்பிள்ளை ஒரு வில்வக்காய்.
பக்தபூரில் எங்கள் நேவார்த் தெருவில்
அன்று பதினொரு சிறுமிகள், பதினொரு காய்கள்.
உச்சி முதல் பாதம் வரை என்னை அளந்த மஞ்சள் நூலை
நூற்றெட்டு இழையாக்கிக் கழுத்தில் போட்டார்கள்.
அப்பா என் கையைப் பிடித்து
வழவழப்பான அந்த ஓட்டின் மேல் வைத்தார்.
காய் ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல மாப்பிள்ளை என்றார்கள்.

ஓடு விரியாதவரை நான் சுமங்கலி.
நாளை யார் செத்தாலும் எனக்குத் தாலியறுப்பு கிடையாது.
காயின் சாதியை யாரும் கேட்கவில்லை,
ஆணா பெண்ணா என்றும்.
உள்ளே சாமி இருக்கிறார் என்றார்கள்,
அதோடு சரி.

இரண்டாவது பன்னிரண்டில்.
பதினொரு நாள் இருட்டறை, ஜன்னலுக்குச் சாக்கு.
மறுநாள் காலை மொட்டைமாடியில்
முக்காட்டை விலக்கினார்கள்,
சூரியன் என்னைக் கட்டிக்கொண்டான்.
கண் கூசி அழுதேன்.
வெட்கம் என்று சொந்தங்கள் சிரித்தன.

ஆக, ஒரு காய். ஒரு நட்சத்திரம்.
மூன்றாவதாக நிர்ஜலா என்றேன்.
வீடு இடிந்தது.

அக்காவின் கணவர் தேவபாஜுவை அழைத்து வந்தார்.
என்னைவிட நாலைந்து வயது மூத்த புரோகிதர்,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
போனில் ஏதோ பழைய சட்டநூலைத் தேடினார்.
ஆணும் ஆணும் என்றால்
உடையோடு ஒரு குளியல், என்றார்.
அவ்வளவுதானா என்றாள் அக்கா.
பெண்களுக்கு... என்று கீழே தள்ளினார்.
விரல்களைப் பற்றி என்னவோ வந்தது.
வாசிக்காமல் போனைக் கவிழ்த்துவிட்டுத்
தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
டீயில் ஆடை படிந்தது.

கோயில் சுவரில் பாதி ஆணாய்ப் பாதி பெண்ணாய்
ஒரே உடம்பில் நிற்கிறாரே, என்றேன்.
அது சாமி, என்றார்.
காயும் சாமிதானே?
எனக்குத் தெரியாது, என்றார்.
பூணூல் போட்ட ஒருவர் அப்படிச் சொல்லி
நான் கேட்டது அதுதான் முதல் தடவை.
தட்சிணை வாங்காமல் ஸ்கூட்டரை உதைத்தார்.

அன்று சாயங்காலம் ஆஷாட மழை.
கடையை மூடிவிட்டு வரும் வழியில்
நிர்ஜலாவும் நானும் தெப்பலாய் நனைந்தோம்,
உடையோடுதான்.
குளியல் கதையைச் சொன்னேன்.
தண்டனை முடிந்தது, வா, என்றாள்.
மற்ற வரியைச் சொல்லவில்லை.
அவள் விரல்களைக் கோத்துப் பிடித்தபடி நடந்தேன்,
ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே.

பூகம்பத்தில் எல்லோரும் நகையை எடுத்து ஓடியபோது
அம்மா எடுத்தது என் காயை.
நான் பெட்டி கட்டிய அன்று
சிவப்புத் துணியில் சுற்றிப் புடவைகளுக்கு மேல் வைத்தாள்.
ஓடு பத்திரம், என்றாள்.
மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.
அது ஆசியா, கைகழுவலா,
இன்னும் பிடிபடவில்லை.

நிர்ஜலா கொண்டு வந்தவை:
ஒரு குக்கர், தையல் மிஷின்,
பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி
அவளுடைய மாப்பிள்ளை.
என்னுடையதைவிடச் சற்றுச் சின்னது,
காம்புப் பக்கம் ஒரு வடு.
வேறு இடமில்லாமல் அலமாரி மேல்தட்டில்
இரண்டையும் சேர்த்து வைத்தோம்.

வார்டு அலுவலகத்தில் குமாஸ்தா நிமிராமலே கேட்டார்:
உங்களில் கணவர் யார்?
இருவரும் ஒரே நேரத்தில்
வீட்டில் இருக்கிறார், என்றோம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ராத்திரியில் செங்கல் லாரி போகும்போதெல்லாம்
தட்டு அதிர்கிறது.
மெல்ல உருண்டு
ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள்
எங்கள் கணவன்மார்.
காய்ந்த விதைகள் உள்ளே குலுங்கும் சத்தம்.
அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.